வளைவாத்தாவிடம் நான் தப்பாகக் கேட்ட கேள்வி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் தயங்கத் தொடங்கியபோது என் பேத்தி பிறந்திருக்கவில்லை. இப்போது அவள் ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அவள் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில்தான் இதை எழுதுகிறேன். இத்தனை வருசத் தயக்கத்துக்கு இரண்டு பயம் காரணம். எழுதினால் ஆத்தா கோபித்துக்கொள்வாளோ என்று ஒரு பயம். படித்தவர்கள் சிரிப்பார்களோ என்று இன்னொரு பயம். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். அதிலும் கடைசி வருசம் பாதி நாள் புளி உலுக்கப் போய்விட்டேன். அதனால் வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்தது மட்டும் நடந்தபடியே இருக்கிறது.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர். கொஞ்சம் சாமை, கொஞ்சம் கேழ்வரகு, வரப்போரம் பத்துப் பன்னிரண்டு புளியமரம். அதோடு ஒரு சின்ன லாரி. ஊர்ப் புளியையும் பலாப்பழத்தையும் ஆலங்காயத்துக்கு இறக்குவேன். திரும்பும்போது சிமெண்ட், உரம், ரேஷன் கடைக்குப் போக நிற்கிற பாட்டிமார் என்று எது இருந்தாலும் ஏற்றி வருவேன். லாரியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊருக்கு வருகிற பஸ்ஸை எண்ணுவதற்கு ஒரு கை விரல்கூட முழுதாக வேண்டாம். அதனால்தான் ஏற்றினேன், மறைக்கவில்லை.

வண்டி புதியதில்லை. ஆலங்காயத்தில் புளி மண்டி வைத்திருக்கிற பாய், இரண்டு வருசம் ஓட்டிவிட்டுப் பெரிய வண்டி எடுத்தபோது எனக்குக் கொடுத்தார். சாவியைக் கையில் வைக்கும்போது, "நல்ல வண்டிப்பா. எறக்கத்துல பிரேக்க நம்பாத, கியர நம்பு. மலைக்காரனுக்கு நான் இன்னா சொல்றது!" என்று சிரித்தார். முன் சீட்டுக்கு எதிரே இருக்கிற சின்னப் பெட்டிக் கதவின் உள்பக்கம் அவர் ஒட்டியிருந்த பிறை நிலா படத்தை நான் எடுக்கவில்லை. பக்கத்தில் எங்கள் அம்மன் படத்தை ஒட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் இருக்கட்டும், மலை ரோடு பொல்லாதது.

அந்த ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. இறங்கும்போது இடது பக்கம் முழுக்க ஒடிக்க வேண்டும். அந்த மூலையில் எங்கள் வளைவாத்தா இருக்கிறாள். கூரை கிடையாது. முழங்கால் உயரத்தில் ஒரு கல், மஞ்சள் துணி, நாலு சூலம், சுற்றிலும் கல் அடுக்கி சிமெண்ட் பூசிய ஒரு மேடை. வண்டிக்காரர்கள் கட்டிவிட்ட சின்னச் சின்ன மணிகள் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். புது வண்டியோ பழைய வண்டியோ, கைமாறி மலைக்கு வந்தால் முதல் பாரம் ஏற்றுவதற்கு முன் அங்கே பொங்கல் வைத்துச் சேவல் அறுக்க வேண்டும். இது எங்கள் வழக்கம்.

நான் வைக்கவில்லை. அப்போது புளி சீசன். பாரம் காத்துக்கொண்டிருந்தது. "சீசன் முடியட்டும் ஆத்தா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டேன்.

பத்துப் பதினைந்து நடைக்கு அப்புறம் ஒரு நாள், புளி மூட்டையோடு அந்த வளைவில் இடது பக்கம் முழுக்க ஒடித்தேன். ஒடித்த ஸ்டியரிங் திரும்பி வரவில்லை. யாரோ கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு நொடி நின்றது. வண்டி மேடையைப் பார்த்துப் போனது. பிரேக்கை மிதித்தேன். உடனே 'கட்டுக்' என்று ஒரு சத்தம் வந்து ஸ்டியரிங் விட்டுக்கொடுத்தது. பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து வந்த பெரியவர் ஒருவர் கீழே எட்டிப் பார்த்து, "யோவ், ஆத்தாளுக்குச் செய்ய வேண்டியத செஞ்சியா?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமையே பொங்கல் வைத்தேன், சேவல் அறுத்தேன். பூசாரி வேறு யாருமில்லை, என் மனைவியின் அண்ணன். அவரும் சாமை விதைக்கிறவர்தான். பூசை நாளில் மட்டும் வேட்டி மாற்றிக்கொண்டு பூசாரியாகிவிடுவார். "மச்சான், ஆத்தா கேட்டு வாங்கிட்டா. இனி தொட மாட்டா" என்றார்.

சொன்ன மாதிரியே மூன்று வாரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மறுபடி இழுத்தது. அப்போதும் அதே வளைவு, அதே இடது பக்கம்.

இந்தத் தடவை நான் பயப்படவில்லை. இங்கேதான் என் தப்பு தொடங்குகிறது. ஊரில் பேச்சு பரவியது. வேறு யார் வண்டியையும் ஆத்தா தொடுவதில்லை, என் வண்டியை மட்டும் தன் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு விடுகிறாள் என்றார்கள். 'ஆத்தா வண்டி' என்று பேர் வந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள், நிலம் பதிவு பண்ணப் போகிறவர்கள் எல்லாம் என் வண்டியைத் தேடி வந்தார்கள். வளைவு வந்ததும் பெண்கள் குலவை போடத் தயாராக வாயில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். இழுத்தால் சந்தோசம், இழுக்காவிட்டால் ஏமாற்றம். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் யாராவது இதைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் நிறுத்தி மெதுவாகத்தான் பதில் சொல்வேன். பக்கத்தில் இருக்கிற ஆளுக்கும் கேட்கட்டும் என்றுதான். ஆத்தா என்னை மன்னிக்கட்டும்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் பாய் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அறுபது வயசுக்காரர், முழங்கால் வலிக்காரர். பஸ்ஸில் வந்து இறங்கி, மண் ரோட்டில் ஒரு மைல் நடந்து வந்திருக்கிறார். அந்த வாரம் எனக்குக் கீழே நடை இல்லை, எங்கள் ஊரில் போனுக்கு டவரும் கிடைக்காது. நாலு நாள் போன் போட்டுப் பார்த்துவிட்டு நேரில் வந்துவிட்டார். கையில் ஒரு தபால்.

"உன் வண்டிக்கு வந்துக்குதுப்பா. கம்பெனி ஏட்டுல இன்னும் என் பேருதான் கீது போல. ஸ்டியரிங்ல ஒரு பாகம் சரியில்லயாம். இந்த மாதிரி வண்டிங்க எல்லாத்தயும் கூப்புட்டு மாத்திக் குடுக்குறாங்களாம்."

தபால் முழுக்க இங்கிலீஷ். அது எங்களுக்கு ஆகாது என்று தெரிந்து, பாயின் மருமகள் அதன் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தாள். முத்து முத்தான எழுத்து. இன்றைக்கும் மனப்பாடமாக இருக்கிறது:

"ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டில் ஒரு மூட்டு இருக்கிறது. அது இந்த வண்டிகளில் சரியாகச் செய்யப்படவில்லை. முழுக்கத் திருப்பும்போது இறுகலாம். ஒருவேளை உடையலாம். செலவு இல்லாமல் மாற்றித் தருவார்கள். மாற்றும்வரை பாரம் ஏற்ற வேண்டாம்."

என் மனைவி படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பாயைப் பார்த்துச் சிரித்தேன்.

"அது கோளாறு இல்லீங்க பாய். அது எங்க ஆத்தா. வளைவுல இழுக்குறா."

பாய் சிரிக்கவில்லை. என் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. சொம்புத் தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "இழுக்கட்டும்பா, அது அவங்க இஷ்டம். அதுக்காக வண்டியக் கொண்டுபோய்க் காட்டக் கூடாதுன்னு இல்லியே? ஒரு வாட்டி காட்டிட்டு வந்துடேன்."

"ஆவட்டும் பாய், பாக்குறேன்."

"பாக்குறேன்னு சொல்லாத. போறேன்னு சொல்லு. நான் குடுத்த வண்டி. ராத்திரியில தூக்கம் வரல எனக்கு."

என் மனைவி சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க மறுபடி அந்த ஒரு மைல் நடந்து போனார். கொண்டுவிடுகிறேன் என்று வண்டியை எடுக்கப் போனேன். "வேணாம்பா, அத்த சரி பண்ணிட்டு வா, அப்புறம் ஏர்றேன்" என்றார். அந்த வார்த்தை எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் எங்கள் வழக்கம் ஒன்றுதான். பட்டாவோ, பள்ளிக்கூட மார்க்குச் சீட்டோ, ரேஷன் கார்டோ, முதலில் சாமி மாடத்தில் வைத்து மூலையில் குங்குமம் தடவுவோம். இந்தத் தபாலும் மாடத்துக்குப் போனது. எல்லாம் முறையாகச் செய்த திருப்தியில் நான் அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஆனால் மனசு சும்மா இருக்கவில்லை. கம்பெனிக்குப் போனால் ஆத்தா இழுக்கவில்லை என்று நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடாதா? இத்தனை பேர் குலவை போட்டது எதற்கு? சேவல் அறுத்தது எதற்கு? என் பேர் என்ன ஆவது? இந்தக் கடைசிக் கேள்வியை அப்போது நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆத்தாளையே கேட்டுவிடலாம் என்று மச்சானிடம் போனேன். பூக்கேட்பது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். அம்மன் தலையில் வலப்பக்கம் ஒரு பூ, இடப்பக்கம் ஒரு பூ வைப்போம். வலப்பூ விழுந்தால் ஆமாம். இடப்பூ விழுந்தால் இல்லை. மச்சான் கற்பூரம் காட்டி, பூ வைத்துவிட்டு, "கேளு மச்சான்" என்றார்.

நான் கேட்டேன்: "ஆத்தா, என் வண்டிய இழுக்குறது நீதானா?"

கண்ணை மூடித் திறப்பதற்குள் வலப்பூ விழுந்தது. கல்லின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"அப்ப அந்தக் கடுதாசி?"

"அது கெடக்கட்டும். ஆத்தாளே சொல்லிட்டா."

"போவட்டுமா வாணாமான்னு கேட்டீங்களா?"

"அதான் அவளே இழுக்குறேன்னுட்டாளே, அப்புறம் இன்னாத்துக்குக் கேக்கறது?"

அவள் முறத்தில் இருந்ததைப் புடைத்து முடித்தாள். அன்றிலிருந்து தினமும் விளக்கேற்றும்போது, பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூவை மாடத்தில் அந்தத் தபால் மேல் வைத்தாள். அது அவள் பேசுகிற விதம். எனக்குப் புரிந்தும் புரியாத மாதிரி இருந்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். அவளை ஆலங்காயம் பக்கத்தில் ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். அப்போது அவளுக்கு ஏழாம் மாசம். வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் என் வண்டியில் சீர்த்தட்டோடு இறங்கி, வளையல் போட்டு, அவளை அதே வண்டியில் மலைக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. "நைனா, எனுக்கு முன் சீட்டு, சன்னலோரம்" என்று, நான் ஆலங்காயம் போயிருந்தபோது மகள் போனில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

வளைகாப்புக்கு ஒரு வாரம் முன்னால் வளையலும் தட்டும் புடவையும் வாங்க மனைவியோடு சொந்தக்காரப் பெண்கள் எட்டுப் பேர் கிளம்பினார்கள். போகிற போக்கில் ஊரில் சேர்த்து வைத்திருந்த புளி மூட்டையும் ஏற்றினேன். பின்னால் மூட்டை, மூட்டை மேல் பெண்கள், முன்னால் என் பக்கத்தில் மனைவி. காலை வெயில் இதமாக இருந்தது. மேலே ஒரே சிரிப்பு.

"யக்கோவ், ஆத்தா இன்னிக்கு இழுப்பாளா?"

"எட்டுப் பொம்பள ஒக்காந்துக்குறோம், இழுத்தா ஆத்தாளுக்கே இடுப்பு புடிச்சிக்கும்!"

வளைவு வந்தது. முழுக்க இடது பக்கம் ஒடித்தேன். இறுகியது. நான் வழக்கம்போல அந்த ஒரு நொடிக்குக் காத்திருந்தேன். நொடி போனது. விடவில்லை. வலது பக்கம் இழுத்தேன். ஸ்டியரிங் சட்டென்று லேசாகி என் கையோடு வந்தது, ஆனால் சக்கரம் வரவில்லை. முப்பது வருசமாக வண்டி ஓட்டுகிறேன். கையில் பிடித்திருப்பது வெறும் வளையம், அதற்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்லை என்று உணர்ந்தது அந்த ஒரு தடவைதான். பிரேக்கின் மேல் ஏறி நின்றேன். வண்டி இழுபட்டுப் போய் ஆத்தாவின் மேடையில் இடித்து நின்றது. மேடையின் ஓரக் கல் ஒன்று பெயர்ந்து உருண்டது. மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்தன.

மேலே எட்டுப் பெண்களும் குலவை போட்டார்கள்.

அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவர்களுக்கு அது ஆத்தா வந்த சந்தோசம். "தாயீ! வந்துட்டியா தாயீ!" என்று ஒருத்தி அழுதே விட்டாள். முன்னால் நான் அந்த வெறும் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் மனைவி குலவை போடவில்லை. அவள் ஆத்தாளைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சுற்றினாள். அது கிணற்று ராட்டினம் மாதிரி சும்மா சுற்றியது.

"எல்லாரும் எறங்குங்க" என்றாள்.

சத்தம் கேட்டு, ரோட்டுக்கு மேலே இருக்கிற தன் சாமைக் கொல்லையிலிருந்து மச்சான் ஓடி வந்தார். பெண்களை மரத்தடியில் உட்கார வைத்தோம். நான் மேடையில் உட்கார்ந்து பெயர்ந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் இன்னா தப்பு பண்ணேன்? பூவும் கேட்டுட்டேன். அவளும் சொன்னா. பொய்யா சொல்லுவா ஆத்தா?" என்றேன்.

மனைவி எதிரில் வந்து நின்றாள். அவள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கும் போடவில்லை.

"ஆத்தா பொய் சொல்லலீங்க. இழுக்குறது நீயான்னு கேட்டீங்க, ஆமான்னா. ஏன் இழுக்குறேன்னு கேட்டீங்களா? பெத்தவ பிள்ளய கையப் புடிச்சி இழுத்தா, பண்டம் குடுன்னா இழுக்குறா? அங்க போவாத, பாம்பு கீதுன்னு இழுக்குறா. நீங்க அவளுக்குச் சேவல் அறுத்துட்டு பாம்பாண்டயே போறீங்க."

மச்சான் தலையைச் சொறிந்தார். "பூ வச்சது நான். கேள்வி அவருது" என்றார்.

"நீயும் கேட்டுக்கினு சும்மா தானே நின்ன!" என்றாள் அண்ணனைப் பார்த்து.

பிறகு மடியிலிருந்து அந்தத் தபாலை எடுத்தாள். குங்குமம் ஒட்டி, பூக்கறை படிந்து இருந்தது. ஆலங்காயம் போனதும் பாயைப் பார்க்க வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டும் என்று காலையிலேயே மாடத்திலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. "கீழ எறங்குற எடது வளைவு இன்னொண்ணு கீதே, அங்க மேடை கீதா, ஆத்தா கீறாளா?" என்று மட்டும் கேட்டாள்.

அங்கே ஒன்றுமில்லை. ஓரச் சுவர்கூட இல்லை. கீழே மரங்களின் தலை தெரியும். அவ்வளவுதான். அடுத்த வாரம் அதே வளைவில் மேலே ஏறி வரும்போது சன்னலோரத்தில் என் மகள் உட்கார்ந்திருப்பாள்.

நான் எழுந்து, ரோட்டில் டவர் கிடைக்கிற இடம்வரை நடந்து போய்ப் பாய்க்குப் போன் போட்டேன். "பாய், நான் போவல பாய், போவாம வுட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னேன். "ஆளுங்க நல்லா கீறாங்களா?" என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்றேன். அப்புறம், "அல்லாவுக்கு நன்றி. வண்டியத் தொடாத. நான் ஷெட்டுக்குச் சொல்றேன்" என்றார். தபாலில் இருந்த எண்ணுக்கு அவரே பேசி ஏற்பாடு செய்தார்.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு பெரிய வண்டி வந்து, என் வண்டியைத் தூக்கி முதுகில் ஏற்றிக்கொண்டது. பார்க்க ஊரே நின்றது. நான் எதிர்பார்த்த கேலி வராமல் போகவில்லை.

"இன்னாப்பா, ஆத்தா வண்டி பல்லக்குல போவுது?"

"ஆத்தாளுக்கே ஆஸ்பத்திரியா?"

மச்சான்தான் பதில் சொன்னார்: "ஆத்தாளுக்கு இல்லடா, அவ வாக்கு புரியாத ஆளுக்கு!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல மாசமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த ஒரு பாரம் அந்தச் சிரிப்பில் இறங்கியது.

வாணியம்பாடிப் பக்கத்தில் அந்தக் கம்பெனியின் ஷெட். அங்கே வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தது ஒரு பெண். என் மகள் வயசு இருக்கும். இன்ஜினீயருக்குப் படித்தவளாம். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "எங்க இறுகுச்சு, எப்போ எப்போ, சொல்லுங்கண்ணா" என்று கேட்டாள். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். சேவல், குலவை, பூ எல்லாவற்றையும். அவள் சிரிக்காமல் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். எட்டிப் பார்த்தேன். 'பாரத்துடன் இறக்கம், இடது முழுத் திருப்பம், ஒவ்வொரு முறையும் நேரம் கூடுதல்' என்று இருந்தது. ஆத்தா பேர் அந்தத் தாளில் இல்லை. ஆனால் ஆத்தா எனக்குச் சொன்னது எல்லாம் அதில் இருந்தது.

கழற்றிய ஸ்டியரிங் மூட்டைக் காட்டினாள். நம் முழங்கால் சில்லு அளவுதான். பாதி துருவேறி இறுகியிருந்தது, மீதிப் பாதி இரண்டாக உடைந்திருந்தது. உடைப்பின் ஓரம் ஒரு இடத்தில் பழசாகக் கறுத்திருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, "இந்த விரிசல் ரொம்ப நாளா இருந்திருக்குண்ணா. சத்தம் போட்டுச் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு" என்றாள்.

"பொங்கல் வச்சப்புறம் மூணு வாரம் சும்மா இருந்துச்சேம்மா?"

"அந்த மூணு வாரம் என்ன ஏத்துனீங்க?"

யோசித்தேன். புளி தீர்ந்திருந்த சமயம். கறிவேப்பிலையும் நாலு கோழிக் கூடையும்தான் ஏற்றினேன். பாரமே இல்லை. அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்கு மேல் விளக்கம் சொல்லி என்னைச் சங்கடப்படுத்தவில்லை. அந்தப் பெண்ணை அவளைப் பெற்றவர்கள் நன்றாக வளர்த்திருக்கிறார்கள்.

உடைந்த அந்த மூட்டுத் துண்டை எனக்குக் கொடுங்கள், ஆத்தாவின் காலடியில் வைக்க வேண்டும் என்று கேட்டேன். அது முடியாதாம். பழைய பாகத்தை எண் போட்டுக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம், அது விதி. அதனால் காட்டுவதற்கு என் கையில் எதுவும் இல்லை. என் வாய் வார்த்தை மட்டும்தான் இருக்கிறது.

வளைகாப்பு குறித்த நாளில் நடந்தது. போகும்போது வண்டி நிறைய ஜனம். வளைவு வந்தது. ஒடித்தேன். ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி போய், வெண்ணெய் மாதிரி திரும்பி வந்தது. மேலே வாயில் கைவைத்துக் காத்திருந்தவர்கள் ஏமாந்துபோனார்கள்.

"இன்னாய்யா, ஆத்தா இழுக்கல?"

"அவதான் இழுத்து முடிச்சிட்டாளே!" என்று என் மனைவி தலையை வெளியே நீட்டிச் சொன்னாள். "இப்ப குலவை போடுங்கடீ. இப்பதான் போடணும்."

போட்டார்கள். நான் வண்டியை நிறுத்தி இறங்கி, கற்பூரம் ஏற்றினேன். பெயர்ந்த கல்லை மச்சானும் நானும் முந்தின நாளே பூசி வைத்திருந்தோம். சாயங்காலம் திரும்பி வரும்போது இரண்டு கையிலும் வளையலோடு மகள் சன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். பாய் வளைகாப்புக்கு வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவிடுகிறேன் என்றதும் ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அதைவிடப் பெரிய மரியாதையை எனக்கு யாரும் செய்ததில்லை.

இப்போது யாராவது பூக்கேட்க வந்தால், மச்சான் பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "மொதல்ல கேள்விய என்கிட்ட சொல்லு" என்கிறார். சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

இத்தோடு விட்டிருப்பேன், எழுதியிருக்க மாட்டேன். ஆனால் கதை என்னை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய்விட்டது. ஒரு ஊரில், ஆத்தா ரோட்டில் நின்று வண்டியைக் கையால் தடுத்தாள் என்கிறார்கள். இன்னொரு ஊரில், பொங்கல் வைத்ததும் கோளாறு தானாகவே சரியாகிவிட்டது என்கிறார்கள். போன மாசம் சந்தவாசல் பக்கம் புளி வாங்கப் போனேன். அங்கே ஒருவர் தன் லாரியைக் காட்டி, "இதுக்கும் ஸ்டியரிங் தபால் வந்துச்சுங்க. மலையில ஒரு வண்டிக்குப் பொங்கல் வச்சி சரியாப் போச்சாமே, நாங்களும் வச்சிட்டோம். தபால் சாமிகிட்ட கீது" என்றார். அந்த வண்டியில் அவர் பிள்ளைகள் மூன்று பேர் ஏறி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மலை வண்டி என்னுடையதுதான் என்று சொல்லி, அவரை உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னேன். மறுநாள் அவரோடு நானே ஷெட்டுக்குப் போனேன். அந்த வண்டி மூட்டும் மாற்ற வேண்டியதாகத்தான் இருந்தது. திரும்பி வந்த அன்றைக்கே பேத்தியின் நோட்டை எடுத்துவிட்டேன்.

என்னை இழுத்து நிறுத்திய வளைவாத்தாவுக்கு நன்றி. தான் விற்ற வண்டிக்காக வலிக்கிற காலோடு மலையேறிய பாய்க்கு நன்றி. நாலு வரி தமிழில் எழுதிய அவர் மருமகளுக்கும், சிரிக்காமல் கேட்ட அந்த ஷெட்டுப் பெண்ணுக்கும், தபால் மேல் தினமும் பூ வைத்த என் வீட்டுக்காரிக்கும் நன்றி.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது, ஆத்தா ரோட்டில் வந்து நின்றாள் என்று சேர்த்துவிடாதீர்கள், அவள் நிற்கவில்லை. ஆத்தா ஒன்றுமில்லை, வெறும் துரு என்று அவளை எடுத்தும் விடாதீர்கள், அவள் இருந்தாள். சேவல், பூ, தபால், உடைந்த மூட்டு, நான் போகாமல் விட்ட அந்த நாட்கள், எதையும் கூட்டாமல் குறைக்காமல் இருக்கிறபடியே கொடுங்கள். யாருடைய சாமி மாடத்திலாவது இப்படி ஒரு தபால் பூவுக்கு அடியில் இருக்கும். அவர் காதுக்கு இது இப்படியே போய்ச் சேர வேண்டும்.